பதினொரு பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கடைசியில், நல்லவள் மாதிரி ஆரம்பித்தாளே இந்த அம்மாள் என்று திட்டுவீர்கள். அறுபதுகளில், அந்தமானில், போர்ட் பிளேயருக்கு வெளியே, கராச்சர்மாவில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் தமிழ்ப் பிரிவு டீச்சர். ஒன்றாம் வகுப்பு என் பொறுப்பு. வேலை தற்காலிகம், கோபம் மட்டும் நிரந்தரம்.

வகுப்பில் பதினொரு பிள்ளைகள். தமிழ் வாசகப் புத்தகம் ஒன்றே ஒன்று. அதுவும் நான் மெட்ராஸில் கப்பல் ஏறும்போது என் டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தது. மெயின்லேண்டிலிருந்து வரவேண்டிய புத்தகக் கட்டு இந்தக் கப்பலில் வருகிறது, அடுத்த கப்பலில் வருகிறது என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கப்பலில் வெங்காயம் வந்தது, சிமெண்ட் வந்தது, ஹெட்மாஸ்டரின் மச்சான் குடும்பம் வந்தது. புத்தகம் மட்டும் வரவில்லை. நான் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் என் புத்தகத்தை விரித்து வைத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்தேன். நான் விரலால் எழுத்தைத் தொடுவேன். பதினொன்றும் சேர்ந்து கத்தும்.

முதல் நாள் யார் எங்கே உட்கார்ந்தார்களோ அதுதான் வருஷம் முழுக்க அவர்கள் இடம். மாற்றினால் குடுமிப்பிடிச் சண்டை வரும். ஆகவே நான் மாற்றவில்லை.

எனக்கு நேர் எதிரே, பெட்டிக்கு அந்தப் பக்கம், ஒரு சிறுமி உட்கார்ந்திருப்பாள். ஏழு வயது. இளம்பிள்ளை வாதத்தில் வலது கால் சூம்பிப்போனவள். சாய்மானம் இல்லாமல் அவளால் உட்கார முடியாது. எங்கள் வகுப்பில் மூன்று பக்கம் மூங்கில் தட்டி, ஒரு பக்கம்தான் சுவர். அந்தச் சுவரில் கரும்பலகை தொங்கும். பலகைக்குக் கீழே அவள் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொள்வாள். பலகையில் நான் எழுதியது அவள் தலைக்கு மேல் இருக்கும், அவள் கண்ணுக்கு எட்டாது. இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு இது எதுவும் உறைக்கவில்லை.

சேர்ந்து வாசிக்கும்போது அவள் குரல்தான் முந்திக்கொண்டு வரும். சிலேட்டைக் கீழே வைத்து எழுதினால், என் இடத்திலிருந்து பார்க்க எழுத்து மணிமணியாக இருக்கும். ஆனால் தனியாகப் பக்கத்தில் கூப்பிட்டுப் புத்தகத்தை மடியில் வைத்தால் ஒரு எழுத்து வராது. முழிப்பாள். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாகப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பப் பார்ப்பாள்.

"நேரா வச்சுப் படிடி" என்று புறங்கையில் ஒன்று போடுவேன்.

மறுபடி திருப்புவாள். மறுபடி போடுவேன். கொழுப்பு என்று நினைத்தேன். விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். அழ மாட்டாள், கையைத் தடவிக்கொண்டு என்னையே பார்ப்பாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும். "உனக்கெல்லாம் படிப்பு வராதுடி" என்று சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. இரண்டு வருஷமாக அவள் ஒன்றாம் வகுப்பிலேயே இருந்தாள். சிலேட்டு எழுத்தைப் பற்றி யாராவது கேட்டால், அது பார்த்துப் போடுகிற கோலம், அதில் படிப்பு இல்லை என்று நானே பதில் சொல்வேன்.

ஹெட்மாஸ்டர் இந்திக்காரர். தமிழ் ஒரு அட்சரம் தெரியாது. "நாம் காட் தோ, பெஹன்ஜி" என்று மாதம் ஒரு தடவை சொல்லுவார். பெயரை வெட்டிவிடுங்கள் என்று அர்த்தம். நான் பார்க்கலாம் சார், பார்க்கலாம் சார் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அந்த நேரத்தில்தான் மெயின்லேண்டிலிருந்து ஒரு ஆராய்ச்சிக்காரர் வந்து இறங்கினார். சின்னப் பிள்ளைகள் தங்கள் பாஷையில் எப்படி வாசிக்கப் பழகுகிறார்கள், உடம்பில் குறை உள்ள பிள்ளைகளை மற்றவர்களோடு சேர்த்து உட்காரவைக்க முடியுமா என்று பள்ளி பள்ளியாகப் பார்க்கிறார் என்றார்கள். அவர் ஒவ்வொரு பிள்ளையையும் சோதித்துக் குறிப்பெழுதுவார். இவள் விஷயத்தில் அவர் எழுதுவதுதான் முடிவு என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார்.

அதை அவள் அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அந்த அம்மாள் ராமநாதபுரம் பக்கம். சிப்பிகாட் பண்ணையில் களையெடுக்கப் போகிறவள். புருஷன் ரோடு போடுகிற மஜ்தூர். தினமும் காலையில் மகளை இடுப்பில் தூக்கிவந்து சுவரோரம் இறக்கிவிட்டுத்தான் வேலைக்கு ஓடுவாள்.

"பேர வெட்டிட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"என்னத்தச் செய்யிறது டீச்சர். ரெண்டு பேரும் காம், வேலைன்னு போயிருவோம். வூட்டுல ஒத்தையில வச்சுப் பூட்டிட்டுப் போவ முடியாது, கடத்தண்ணி ஏறுனா வாசப்படி வரைக்கும் வந்துரும். இவளுக்கு எந்திரிச்சு ஓடவும் ஏலாது." சேலை முந்தியால் மகள் முகத்தைத் துடைத்தாள். "ஊர்ல எங்க அக்கா இருக்கா. அடுத்த கப்பல்ல கொண்டு விட்ர வேண்டியதுதான்."

"நீங்களும் கூடப் போயிருவீங்களா?"

"நான் எப்படிப் போக? விட்டுட்டுத் திரும்பிருவேன்."

மகள் இடுப்பில் இருந்தபடியே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவின் தாலிக் கயிற்றைப் பிடித்திருந்த கை விடவே இல்லை. அன்று சாயங்காலம் வரை அவளைத் தனியாக உட்காரவைத்துப் படி படி என்று உயிரை எடுத்தேன். அவள் திருப்பினாள், நான் அடித்தேன். அதுதான் நான் செய்த உபகாரம்.

மறுநாள் ஆராய்ச்சிக்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். தமிழ்க்காரர். கப்பல் பயணமும் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாமல் முகம் வெளுத்திருந்தது. ஹெட்மாஸ்டர் அறையில் மேஜை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையாகத் தன் பக்கத்தில் ஸ்டூலில் உட்காரவைத்து, தான் கொண்டுவந்த பெரிய எழுத்துப் புத்தகத்தை முன்னால் வைத்தார். குறிப்புத் தாளில் பெயர் கிடையாது, வரிசை எண்தான். ஆனால் குறிப்பைத் தமிழில், உருண்டை உருண்டையாக, சிலேட்டுப் பிள்ளைக்கு எழுதுவது மாதிரி எழுதினார். "பெத்தவங்க கேட்டா அவங்களுக்கும் படிச்சுக் காட்டணும் இல்லையா" என்றார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

நாலைந்து பேர் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏம்மா, உங்க பசங்க பாதிப் பேர் கழுத்தச் சாய்ச்சுக்கிட்டே படிக்குறாங்களே, ஏன்?"

"பழக்கம் சார்" என்றேன். எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளைகளைக் குறை சொல்ல இவர் யார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நின்று யோசித்திருந்தால் அந்த ஒரு கேள்வியிலேயே எல்லாம் விளங்கியிருக்கும்.

அவள் முறை வந்தபோது நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். ஸ்டூலில் சாய்மானம் இல்லாததால் நாற்காலி கேட்டு வாங்கி உட்காரவைத்தேன். நீங்கள் இருக்கலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்றார் அவர். மூலையில் போய் நின்றேன்.

அவர் புத்தகத்தை அவள் முன்னால் நேராக வைத்தார். "படி பாப்பா."

அவள் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். சுவர்க் கடிகாரம் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அப்போது அவள் கை மெல்ல மேலே வந்து புத்தகத்தின் ஓரத்தைப் பிடித்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. செருமினேன். அவ்வளவுதான். வேண்டுமென்று செய்யவில்லை, இரண்டு வருஷப் பழக்கம், தொண்டை தானாகவே செய்தது.

கை சட்டென்று மடிக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் அவள் புத்தகத்தைத் தொடவில்லை. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பொறுமையாகக் கேட்டார். ஒன்றும் வரவில்லை. பேனா ஓடிய சத்தம் கேட்டது. தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் என் காதில், "திருப்பலை டீச்சர், நான் திருப்பலை" என்றாள். பாராட்டுவேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ.

ஆராய்ச்சிக்காரருக்கு மறுநாள் மத்தியானம் கப்பல். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் வகுப்பில் அவளைப் பார்க்கவே முடியவில்லை. என்னமோ ஒரு வேகத்தில், இன்றைக்காவது இவள் என் பக்கத்தில் இருக்கட்டும் என்று அவளைத் தூக்கிவந்து என் முழங்காலில் சாய்த்து உட்காரவைத்தேன். என் பக்கத்திலேயே எப்போதும் உட்காரும் ஓவர்சியர் மகளை எழுப்பி எதிரே சுவரோரம் போகச் சொன்னேன். அந்தப் பிள்ளை வகுப்பிலேயே கெட்டிக்காரி, தாளைப் பார்த்தால் போதும், தண்ணீர் மாதிரி வாசிப்பாள். முனகிக்கொண்டே போய் உட்கார்ந்தாள்.

எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லிவிடக் கூடாதே என்று, அதுவரை நடத்தாத கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். முதலில் ஓவர்சியர் மகளைத்தான் வாசிக்கச் சொன்னேன்.

அந்தக் கெட்டிக்காரி வாயைத் திறந்தாள். மூடினாள். குனிந்து பார்த்தாள். "தெரியலை டீச்சர்" என்றாள்.

"என்னடி தெரியலை? கண்ணு போச்சா?"

"இங்கேருந்து பாத்தா எழுத்தே வேற மாதிரி இருக்கு டீச்சர்."

அந்தச் சுவரை, பெட்டியை, புத்தகத்தை மாறி மாறிப் பார்த்தேன். என் முழங்காலில் சாய்ந்திருந்தவளைப் பார்த்தேன். அவளும் புத்தகத்தைப் பார்த்துத் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக அவள் பார்த்த ஒரே புத்தகம், பார்த்த ஒவ்வொரு எழுத்தும், தலைகீழ். அவளுக்கு அதுதான் நேர். நாங்கள்தான் அவளுக்குப் புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். சிலேட்டில் அவள் எழுதியதும் அவள் பக்கம் தலைகீழாகத்தான் இருந்திருக்கிறது. எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு நேராகத் தெரிந்தது. பெட்டிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்த பிள்ளைகள் கழுத்தைச் சாய்த்துப் படித்ததும் இதனால்தான்.

நான் புத்தகத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தேன்.

அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள், எங்கே விழப்போகிறது என்று.

"அடிக்க மாட்டேன். படி."

படித்தாள். நான் நடத்தாத பக்கம். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, ஒரு வரி, இரண்டு வரி, பக்கம் முழுக்கப் படித்தாள். நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன். பிள்ளைகள் எதிரில் டீச்சர் அழக் கூடாது என்று யார் சொன்னதோ தெரியவில்லை, என்னால் நிறுத்த முடியவில்லை.

மணி பதினொன்றரை. கப்பல் இரண்டு மணிக்கு. ஹெட்மாஸ்டரிடம் ஓடினேன். எனக்குத் தெரிந்த இந்தியில் கையைக் காலை ஆட்டிச் சொன்னேன். அவர், ஆராய்ச்சிக்காரர் எழுதினது எழுதினதுதான், பள்ளி நேரத்தில் வெளியே போகாதீர்கள் என்றார். அரை நாள் லீவு போட்டுக்கொள்ளுங்கள், சம்பளத்தை வெட்டிக்கொள்ளுங்கள், என்னவோ செய்துகொள்ளுங்கள் என்று தமிழிலேயே கத்திவிட்டு, பக்கத்து வகுப்பு பெங்காலி டீச்சரிடம் பிள்ளைகளை ஒப்படைத்து, அந்தச் சிறுமியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தேன். புத்தகத்தை அவள் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. வந்த பஸ்ஸில் நிற்கத்தான் இடம். டாலிகஞ்ச் ஸ்டாப்பில் ஒருத்தர் இரண்டு மூட்டை அரிசியை இறக்குவதற்குள் எனக்குப் பிராணன் போய்விட்டது. "ஜல்தி கரோ பாய்" என்று பஸ்ஸுக்கே கேட்கக் கத்தினேன். யாரோ சிரித்தார்கள். துறைமுக ஜெட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் கனத்தில் என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. வரிசையின் நடுவில் அவர் நின்றிருந்தார், முன்னால் தகரப்பெட்டி, கையில் ஒரு ஃபைல்.

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவர் முதலில் என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தப் புத்தகம்தானே ரெண்டு வருஷமா வச்சிருக்கீங்க? மனப்பாடம் ஆகியிருக்கும்மா."

"நான் நடத்தாத பக்கம் சார்."

"நீங்க சொல்றீங்க. நான் எப்படி நம்புறது?"

"அப்ப உங்க புத்தகத்தக் குடுங்க சார். நேத்துத்தானே பாத்தா?"

"அது பெரிய பெட்டில போட்டாச்சு. சரக்கோட ஏறிருச்சு." வரிசை நகர்ந்தது. தகரப்பெட்டியைக் காலால் தள்ளி முன்னால் வைத்தார். பின்னால் நின்றவர் முணுமுணுத்தார். "உங்க மனசு புரியுதும்மா. பாவப்பட்டுச் செய்யறீங்க. ஆனா பாவப்பட்டு ஆராய்ச்சி செய்ய முடியாது."

எனக்கு வந்த கோபத்தில் அவரைக் கடலில் தள்ளியிருப்பேன். இரண்டு வருஷம் அவளைத் திட்டுவதற்கு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அப்போது உதவிக்கு வரவில்லை. நான் வழியை மறித்து நின்றேன், அவ்வளவுதான்.

அவருக்கும் பொறுமை போனது. "பாருங்க, எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு" என்று ஃபைலைத் தகரப்பெட்டி மேல் வைத்துத் திறந்தார். தாள் அவரைப் பார்த்து இருந்தது. பெட்டிக்கு இந்தப் பக்கம் நாங்கள். அவர் விரல் ஒரு வரிசை எண்ணில் போய் நின்றது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் தலைகீழாக இருந்தது.

இடுப்பில் இருந்தவள் குனிந்தாள்.

"ப... டி... ப்... பு... படிப்பு" என்றாள். "வ... ரா... து. வராது. வீட்... டில்... வை... க்க... லாம்."

அவர் விரலை எடுக்கவில்லை. கப்பலிலிருந்து யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "யாருக்கு டீச்சர் படிப்பு வராது?"

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளின் ஓரத்தில் ஒரு சொல் எழுதினார். அவள், "கப்பல்" என்றாள். இன்னொன்று எழுதினார். "மழை" என்றாள். தாளை அவள் பக்கம் நேராகத் திருப்பிக் காட்டினார். அவள் முழித்தாள். மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நேத்து கைய வச்சாளே" என்றார். "அப்பறம் ஏன் எடுத்துக்கிட்டா?"

"நான் செருமினேன் சார்."

"ஏன்?"

"திருப்பினா அடிப்பேன். ரெண்டு வருஷமா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்த வரியைக் குறுக்கே அடித்துவிட்டு, மேலே பொடியாக என்னவோ எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே வாசித்தார். நன்றாக வாசிக்கிறாள், வகுப்பிலேயே வைக்கவும். பிறகு ஃபைலை மூடிக்கொண்டு, "உக்கார்ற இடத்த மாத்துங்கம்மா, தினமும் மாத்துங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். ஏணியில் ஏறும்போது ஒரு தடவை திரும்பி அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவளை மடியில் வைத்துக்கொண்டேன். காலையிலிருந்து அவளும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. துறைமுக வாசலில் வாங்கிய பன்னைப் பிய்த்து அவளுக்குக் கொடுத்தேன். சாயங்காலம் அவள் அம்மா வந்தால் சொல்ல வேண்டும், ஊருக்கு அனுப்ப வேண்டாம், அடுத்த கப்பலும் வேண்டாம் எந்தக் கப்பலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டே வந்தேன்.

அவள் விடவில்லை. பன்னை மென்றுகொண்டே மறுபடி கேட்டாள்.

"யாருக்கு டீச்சர் படிப்பு வராதுன்னு எழுதியிருந்துச்சு?"

"எனக்குத்தான்" என்றேன்.

அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, புறங்கையைத் தடவினாள்.

"உங்கள யாரு டீச்சர் அடிப்பா?" என்று கேட்டாள்.